அந்தப் பையனைத் தெரியாது

என் நாத்தனார் பிரஜீதாவை அமெரிக்கா உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்திவைத்து, அடுத்த விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேபாளத்துப் பாட்டன் நகரில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்த செய்தி இது. ஏன் அனுப்பினார்கள் என்பதற்குத்தான் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். என் மாமியார் ஒன்று சொல்கிறார், என் கணவர் ரூபேஷ் ஒன்று சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். நடந்தது எதுவோ அதை நான் சொல்கிறேன்.

பிரஜீதாவும் உர்கேன் தமாங்கும் பிளஸ் டூவிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். சந்து முனையில் மோமோ கடை வைத்திருக்கும் பூல்மாயாவின் ஒரே மகன் உர்கேன். காதலா என்று யாராவது கேட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில் "சீ" என்பார்கள். அது உண்மைதான் என்று நினைக்கிறேன். அண்ணன் தங்கை மாதிரியும் இல்லை; அண்ணன் தங்கை அவ்வளவு சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

உர்கேனுக்கு வாய் சும்மா இருக்காது. மந்திரிகள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவதில் கெட்டிக்காரன். அம்மாவின் மோமோ பானைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பனைக் கட்டி, கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவைப்பான். "இந்தப் பானையை நாட்டுக்கு அர்ப்பணிக்கிறேன். ஆவி மக்களுக்கு, மோமோ எங்களுக்கு!" என்பான். பின்னால் பூல்மாயா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்கும். படம் பிடிப்பது எப்போதும் பிரஜீதாதான். பிடித்ததைத் தன் ஃபேஸ்புக் பக்கத்திலேயே போடுவாள். "என் மூஞ்சிக்கு உன் பக்கம்தான் ராசி" என்று அவன் சொல்லுவான்.

பாதௌ மாதத்தில், மழைக்காலம் முடிகிற சமயத்தில், அரசாங்கம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடை செய்தது. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடச் சீருடையோடு வந்தவர்களும் இருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் போனார்கள். உர்கேன் கையில் ஓர் அட்டை: "எங்கப்பன் கத்தாரில், உன் பிள்ளை லண்டனில்." அவன் அப்பா நிஜமாகவே கத்தாரில்தான் இருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கூட்டம் சிதறியபோது பிரஜீதா ஒரு பக்கம் ஓடினாள், அவன் ஒரு பக்கம் ஓடினான். மறுபடி அவனை அவள் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில், தரையில். அவனுடைய போன் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அவனுடைய கணக்கைத் திறக்கும் வழியும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிரஜீதா எழுதினாள். யார் சுட்டது, யார் சுடச் சொன்னது என்று கேட்டு எழுதினாள். மெழுகுவர்த்திகளைப் படம் பிடித்துப் போட்டாள். எங்கோ வேறு நாட்டில் குண்டு விழுந்து செத்த குழந்தைகளுக்காகவும் எழுதினாள். சாவைப் பக்கத்தில் பார்த்தவளுக்கு எல்லாச் சாவும் பக்கத்தில் நடந்ததாகவே தெரிந்தது. நடுநடுவே உர்கேனின் பழைய வீடியோக்களை மறுபடி மறுபடி ஏற்றினாள்.

பூல்மாயா தினமும் மத்தியானக் கூட்டம் ஓய்ந்தபிறகு முக்காலியில் உட்கார்ந்து பிரஜீதாவின் பக்கத்தைத் திறப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வட்டத்துக்குள் இருக்கும் பிரஜீதாவின் முகத்தைத் தொட்டால் மகன் வருவான் என்பது தெரியும். ரிப்பன் வெட்டுகிற வீடியோவில் அவளுடைய சிரிப்பு வருகிற இடத்தில் மறுபடியும் சிரிப்பாள். அப்படிச் சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

வசந்தத்தில் பிரஜீதாவுக்கு அமெரிக்காவின் நடுவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நிலத்தடி நீர் பற்றிய படிப்பு. உதவித்தொகையும் உண்டு. மாமனார் இறந்தபிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம் அதுதான். ரூபேஷ் தன் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

விசாவுக்கு என்ன செய்வதென்று கேட்க, காத்மாண்டு புதலிசடக்கில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சி வைத்திருக்கும் பிபின் சாரிடம் போனோம். நானும் கூடப் போனேன். தலையில் ஜெல் தடவிய இளைஞர். பிரஜீதாவின் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"கடந்த அஞ்சு வருஷத்துல வெச்சிருந்த எல்லாக் கணக்கையும் எழுதிக் குடுக்கணும். பூட்டி வெச்சா சந்தேகப்படுவான். கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து போடணும். ஆனா உள்ள குப்பை இருக்கக் கூடாது."

"எது சார் குப்பை?" என்றாள் பிரஜீதா.

"முஷ்டி கூடாது. கொடி கூடாது. எரியற வண்டி கூடாது. எந்த நாட்டுச் சண்டையைப் பத்தியும் ஒரு வார்த்தை கூடாது. இந்த மெழுகுவர்த்தி எல்லாம் கூடாது."

"மெழுகுவர்த்தி உங்கள என்ன சார் பண்ணுச்சு?"

"என்னை ஒண்ணும் பண்ணலம்மா. செத்தவங்களுக்குத்தானே ஏத்தறோம்? யாரு செத்தான், எப்படிச் செத்தான், உனக்கு அவன் என்ன வேணும்னு நூல் பிடிச்சுட்டுப் போவான். போன மாசம் ஒரு பையன், தங்கமான பையன், யாரோ போட்ட கார்ட்டூனுக்கு ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருக்கான். அவ்வளவுதான். போச்சு."

"அப்ப நான் என்னதான் போடறது?"

"நாய்க்குட்டி போடு. பூ போடு. மலை போடு. நம்ம ஊர்ல மலைக்கா பஞ்சம்?"

நான் சிரித்துவிட்டேன். பிரஜீதா சிரிக்கவில்லை.

ஒரு வாரம் அவள் எதையும் தொடவில்லை. ரூபேஷ் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்பார்: "பண்ணிட்டியா?" அவள் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை, லீவு நாள், சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அது வெடித்தது.

"செத்தவன் செத்துட்டான்" என்றார் மாமியார். "பொழைக்கறவ பொழைக்க வேண்டாமா?"

"அவங்கம்மா தினமும் பாக்கறாங்கம்மா."

"உங்கம்மா நான் இங்க உக்காந்திருக்கேன். என்னையும் கொஞ்சம் பாரு."

ரூபேஷ் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர்தான். தங்கை விஷயத்தில் பயந்த மனிதர். "இங்க பாரு, எல்லாத்தையும் நான் காப்பி பண்றேன். ஒரு பென் டிரைவ்ல போட்டு அந்தம்மா கையில குடுத்துடலாம். யாரோட பக்கத்துக்கும் போக வேண்டாம், இஷ்டத்துக்குப் பாத்துக்கட்டும். சரிதானே?"

அவள் லேப்டாப்பை அவரிடம் கொடுத்தாள். மாடிக்குப் போனார். நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் இறங்கி வந்தார். "ஆச்சு" என்றார்.

பிரஜீதா ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பக்கத்தில் இருந்ததையும் போனுக்குள் இருந்ததையும் அழிக்க ஆரம்பித்தாள். நான் எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்தப் போன் ஒரு தடவை கேட்டது, நிச்சயமாக அழிக்கலாமா என்று. ஒவ்வொரு தடவையும் அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நிற்காமல் போனது. சாயங்கால டீ வைக்கிற நேரத்தில் அவள் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியும், இமயமலையும், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் அவள் புடவை கட்டி நின்ற படமும் இருந்தன.

மறுநாள் மத்தியானம் பூல்மாயா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். போனை நீட்டினாள்.

"வரமாட்டேங்குது கண்ணு. உன் மொகத்தைத் தொட்டா ஒரு நாய் வருது."

பிரஜீதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கம்பெனிக்காரன் எடுத்துட்டான் சின்னம்மா. பழசையெல்லாம் எடுத்துடறானாம். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அவனுக்கு என்ன கேடு?"

"நான் வேற ஒண்ணுல போட்டுத் தர்றேன் சின்னம்மா. இன்னிக்கே தர்றேன்."

பூல்மாயா போனபிறகு பென் டிரைவைத் தேடினோம். ரூபேஷின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. போட்டுப் பார்த்தால் உதிரிபாகங்களின் விலைப்பட்டியலும் பழைய இந்திப் பாட்டுகளும். உர்கேன் எங்கும் இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"காப்பி இருந்தா அதுவும் எங்கயாவது போகும். அந்தம்மா யாரோ பையன்கிட்ட குடுப்பாங்க, அவன் மறுபடி ஏத்துவான். மாட்டறது யாரு? இவதானே?"

"அப்ப பொய் சொன்னீங்க."

"தங்கச்சிக்காகச் சொன்னேன். உனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. உனக்குப் புரியாது."

பிரஜீதா கத்தவில்லை. அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பல நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் தூதரக நேர்காணலுக்கு அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் போனாள். விசா கிடைத்தது. மறுபடியும் லட்டு.

பூல்மாயாவுக்கு விஷயம் போன் ரிப்பேர் கடையில் தெரிந்தது. கம்பெனி எடுக்கவில்லை, கணக்கின் சொந்தக்காரர்தான் அழித்திருக்கிறார் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். மேலே ஏறி வரவில்லை. நானும் பிரஜீதாவும் இறங்கிப் போனோம்.

"நீதான் எடுத்தியாமே கண்ணு."

பிரஜீதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குன்னு எனக்குத் தெரியும். வெளிநாடு போற பசங்க பாதிப் பேரு என் கடையிலதான் சாப்பிடறாங்க. போகணும்னா எடுத்துத்தான் ஆகணும், பேசிக்கறாங்க. நான் அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடைசியா ஒரு தடவை பாத்துக்கிட்டிருப்பேன். அன்னிக்கு சனிக்கிழமையா, கடையில ஒரே கூட்டம். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எதையாவது சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தோன்றுவதற்குள் அவள் சந்தின் வளைவைத் தாண்டிவிட்டாள்.

சாவன் மாதத்தில், நல்ல மழைக்காலத்தில், பிரஜீதா கிளம்பினாள். பயணம் நல்லபடி முடிய மாமியார் சகுனம் கொடுத்தார்: வேகவைத்த முட்டை, வாட்டிய மீன், சின்னக் கிண்ணத்தில் ரக்ஸிச் சாராயம். கழுத்தில் சாமந்தி மாலை. பூல்மாயாவும் வந்தாள். வழியனுப்பும்போது ஆசியாகப் போடுகிற வெள்ளைத் துண்டைப் பிரஜீதாவின் கழுத்தில் போட்டாள். ஒரு பாட்டில் ஊறுகாயைக் கையில் திணித்தாள்.

"அங்க சாப்பாடு வாயில வைக்க வெளங்காதாம். இதுல ஒரு துளி தொட்டுக்கோ. மூடியை நல்லா இறுக்கியிருக்கேன், ஒழுகாது."

பிரஜீதா அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "புறப்படும்போது அழக் கூடாது" என்று மாமியார் அதட்டிப் பிரித்துவிட்டார்.

அதே நாளில் வேறொன்று நடந்தது. பிரஜீதாவின் பக்கம் காலியானதிலிருந்து பூல்மாயா கடைக்கு வருகிற பிள்ளைகளிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "உங்க போன்ல எங்கயாவது அவன் இருக்கானா பாருங்கப்பா." சந்து இளைஞர் சங்கத்துப் பையன் ஒருவனிடம் ஒரே ஒரு படம் இருந்தது. போராட்டத்தன்று எடுத்தது. பிரஜீதா முஷ்டியை உயர்த்தி நிற்கிறாள். உர்கேன் ஒரு கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அவள் தோளில் போட்டிருக்கிறான். பின்னால் தூரத்தில் புகை. சங்கத்தின் பக்கத்தில் அதை ஏற்றி, "நம் உர்கேன், அவன் உயிர்த்தோழி பிரஜீதா அவாலேயுடன். இன்று அமெரிக்கா பறக்கும் நம் சந்துப் பெண்ணுக்கு வாழ்த்துகள்" என்று எழுதினார்கள். அவளைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தார்கள். அவள் அப்போது வானத்தில் இருந்தாள்.

அங்கே என்ன நடந்தது என்பதை அவள் திரும்பி வந்து சில நாள் கழித்து மொட்டைமாடியில் என்னிடம் சொன்னாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். காய்ந்த துணியையே எடுத்து மறுபடி உதறிப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

வரிசையிலிருந்து அவளைத் தனியே ஓர் அறைக்கு அழைத்துப்போனார்கள். ஓர் அதிகாரி. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். ஒரு பாக்கெட் சிப்ஸும் கொடுத்தார். போனை வாங்கிக்கொண்டு போய், வெகுநேரம் கழித்து வந்தார்.

"ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு அண்ணி. 'இருபத்திமூணு வயசு ஆச்சு உனக்கு. ஆனா இதுல நீ நாலு மாசமாத்தான் உயிரோட இருக்க. அதுக்கு முன்னாடி எங்க இருந்தே?'ன்னு கேட்டாரு. எனக்கு இதெல்லாம் அவ்வளவா பிடிக்காது சார்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"கம்ப்யூட்டர்ல என் பேரைத் தட்டினாரு. திருப்பிக் காட்டினாரு. நானும் உர்கேனும். அந்தப் படம் எங்கேர்ந்து வந்துச்சுன்னே எனக்குப் புரியல அண்ணி. நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டேனே. 'இது நீதானே?'ன்னாரு. ஆமான்னேன். 'பின்னால என்ன எரியுது?' தெரியாதுன்னேன். 'யாரு கொளுத்தினது?' தெரியாதுன்னேன். 'இந்தப் பையன் யாரு?'"

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

அந்தத் துணியை நான் எடுத்துக் கொடியில் போட்டேன்.

"பிபின் சார் சொன்னது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாரு செத்தான், உனக்கு என்ன வேணும்னு நூல் பிடிப்பான்னு. அந்த நூலை அறுத்துடலாம்னு நெனச்சேன். 'கை உன் தோள்ல இருக்கே'ன்னாரு. கூட்டத்துல யாரோ போட்டிருப்பாங்க சார், எனக்கு அந்தப் பையனைத் தெரியாதுன்னேன். ரெண்டாவது தடவையும் கேட்டாரு. அப்பவும் அதேதான் சொன்னேன். எவ்வளவு சுலபமா வந்துச்சு தெரியுமா, அண்ணி? யோசிக்கக்கூட வேண்டியிருக்கல."

அதிகாரி கீழே எழுதியிருந்ததை இயந்திரத்தில் மொழிபெயர்த்துப் படித்தாராம். உயிர்த்தோழி என்ற சொல்லை இரண்டு தடவை படித்தாராம். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாராம்: போராட்டத்துக்குப் போனதற்காக உன்னை அனுப்பவில்லை, அதிகாரியிடம் பொய் சொன்னதற்காக அனுப்புகிறோம். ஐந்து வருஷத்துக்கு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

"உண்மையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணி. அதுதான். தெரியவே தெரியாது. சொல்லியிருந்தாலும் அனுப்பியிருக்கலாம். ஆனா அப்ப நான் அவனைச் சொல்லிட்டு வந்திருப்பேன்."

ஆனால் இதெல்லாம் அவள் சொல்வதற்கு முன்பே சந்தில் ரகளை முடிந்திருந்தது. அவள் வந்து இறங்கிய மறுநாளே மருந்துக்கடைக்காரர், "என்ன பிரஜீதா, அமெரிக்காவை அதுக்குள்ள சுத்திப் பாத்துட்டியா?" என்று கேட்டுவிட்டார். ஏதோ ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார்கள் என்று மட்டும் பிரஜீதா வீட்டில் சொல்லியிருந்தாள். ரூபேஷ் தேடித் தேடி அந்தப் படத்தைக் கண்டுபிடித்தார். அதை யார் கேட்டு யார் போட்டார்கள் என்று விசாரித்தார். மாமியாரின் காதில் விழுந்தது. அவர் செருப்பைக்கூடப் போடாமல் சந்து முனைக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"உன் மகன் போனது போதாதா? என் மகளையும் இழுக்கணுமா? அவ வாழ்க்கைல மண்ணைப் போட்டுட்டியேடி!"

கடையில் பிள்ளைகள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பூல்மாயா எழுந்து நின்றாள். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. படத்தால்தான் பிரஜீதா திரும்பி வந்தாள் என்று யாரோ விளக்கிச் சொன்னதும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. அவன் மொகத்தைப் பாக்கணும்னுதான் கேட்டேன். ஐயோ, என் புள்ளையால அந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சே!"

மாமியாரின் காலைத் தொடக் குனிந்தாள். நான் தடுத்துப் பிடித்துக்கொண்டேன். அன்றே சங்கத்துப் பையனைக் கூப்பிட்டு அந்தப் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டாள். "இனிமே எடுத்து என்ன சின்னம்மா ஆகப்போகுது?" என்று அவன் கேட்டிருக்கிறான். "எடுத்துடு. அவளுக்கு இன்னும் ஏதாவது வந்துடப்போகுது" என்றாளாம். அதுதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

மொட்டைமாடியில் பிரஜீதா சொல்லி முடித்தபோது இதை நான் அவளிடம் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது. அந்த நாட்களில் அவள் அறையை விட்டே வெளியே வரவில்லை.

"அவங்க மன்னிப்புக் கேட்டாங்களா? என்கிட்டயா?"

"உங்கம்மாகிட்ட. கால்ல விழப் போனாங்க."

அப்படியே படியிறங்கிப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் போனேன். போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த அம்மாளின் நினைப்பில் இவள் இன்னும் நல்லவளாக இருந்தாள். அந்த ஒன்றையாவது இரண்டு பேருக்கும் விட்டுவைத்தால் என்ன என்று தோன்றியது. சொல்லவில்லை.

கூட்டம் ஓய்ந்த நேரம். பூல்மாயா மாவை வட்டமாகத் தேய்த்து, கறி வைத்து, மடிப்பு மடிப்பாக மூடிக்கொண்டிருந்தாள். பிரஜீதாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. இளைச்சுட்டியே. உக்காரு. என்மேல கோவம் இல்லையே?"

பிரஜீதா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரி நீட்டவில்லை. "படத்தால இல்ல சின்னம்மா. படத்துல இருக்கறது யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். அந்தப் பொய்க்குத்தான் அனுப்பினாங்க. உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

பூல்மாயாவின் கை மடித்துக்கொண்டே இருந்தது.

"யாரைத் தெரியாதுன்ன?"

"உர்கேனை."

"அவன் கை உன் தோள்ல இருந்துச்சே."

"ஆமா."

"அப்பவும் தெரியாதுன்னியா?"

"ஆமா சின்னம்மா."

கையிலிருந்த மோமோவை முடித்துத் தட்டில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் முடித்தாள். பானையின் மூடியைத் திறந்து ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிரஜீதா அழுதாள். அவள் திரும்பவில்லை. அழுகை ஓய்ந்தபிறகு துணியால் மேஜையைத் துடைத்துவிட்டு, மற்ற வாடிக்கையாளரைக் கேட்பதுபோலவே கேட்டாள்:

"உங்களுக்கு என்ன வேணும்? எருமையா, கோழியா?"

அந்தக் கடையில் பிரஜீதாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. போனால் தட்டு வரும். என்ன வருமோ அதைச் சாப்பிடுவாள். இப்போது அவள் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தேன்.

தசைன் பண்டிகை கழிந்து சங்கத்தின் பக்கத்தில் அந்தப் படம் திரும்ப வந்தது. பூல்மாயாவே கேட்டுப் போடச் சொன்னாளாம். இந்தத் தடவை பிரஜீதா அதில் இல்லை. அவளை வெட்டிவிட்டிருந்தார்கள். உர்கேன் சிரிக்கிறான், அட்டையைப் பிடித்திருக்கிறான், இன்னொரு கை படத்தின் ஓரத்தில் போய் முடிகிறது. ரூபேஷ் அதைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, இனிமே தொந்தரவு இல்ல" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரஜீதா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். நான் அன்று என் கணவரிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பதினொரு வருஷக் குடித்தனத்தில் அப்படிப் பேசியதில்லை. அவர் ஏன் என்றே புரியாமல் உட்கார்ந்திருந்தார்.

பிபின் சார் இப்போது ஜப்பானுக்கு ஆள் அனுப்புகிறார். "அங்க இந்த மாதிரி நோண்ட மாட்டாங்க, மொழி மட்டும் படிச்சா போதும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். பிரஜீதா ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறாள். நன்றாகப் படிக்கிறாள் என்று அங்கே டீச்சர் சொல்கிறாள். போகும்போதும் வரும்போதும் சந்து முனை வழியாகப் போவதில்லை. குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள். எந்தப் பக்கத்திலும் எதையும் எழுதுவதில்லை. நாய்க்குட்டியையும் மலையையும்கூட எடுத்துவிட்டாள்.

மோமோ வாங்க நான் மட்டும் போகிறேன். பூல்மாயா என்னிடம் எப்போதும்போலப் பேசுகிறாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறாள். எல்லாரும் என்பதற்குமேல் கேட்பதில்லை. நானும் எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.